விலை உயர்ந்த ஃபியூஸ் பாட்டை இனிமையாக்குமா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 20 மி.மீ. நீளம், 5 மி.மீ. குறுக்களவு, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவே ஒரு மெல்லிய கம்பி. அதே நீளமும் அதே ஆம்பியர் அளவும் கொண்ட ஒன்றை ‘ஆடியோ ஃபியூஸ்’ என்ற பெயரில் சில வெளிநாட்டு நிறுவனங்கள் 200 டாலருக்கும் அதற்கு மேலும் விற்கின்றன. அதை ஆம்பிளிஃபயரில் பொருத்தினால் பின்னணி அமைதியாகும், குரல் முன்னால் வந்து நிற்கும், வயலினின் கரகரப்பு மறையும் என்கிறார்கள்.

பல ஆண்டுகள் சேமித்து ஒரு நல்ல ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கியவர்களிடம்தான் இந்தப் பேச்சு வந்து சேர்கிறது. அவர்கள் இசையை நேசிப்பவர்கள். இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்க வழி உண்டா என்ற அவர்களுடைய கேள்வியில் தவறு எதுவும் இல்லை. ஆகவே பதிலையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ஃபியூஸை மாற்றுவதால் ஒலி மேம்படாது. ஸ்பீக்கருக்குப் போகும் பாதையில் ஃபியூஸ் இருந்தால் மட்டும் கதை வேறு. பழைய ஃபியூஸின் தொடுமுனைகள் துருப்பிடித்திருந்தால் அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். மின்னியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்வோம்.

சூடாவதே அதன் வேலை

எந்தக் கம்பியிலும் மின்சாரம் ஓடினால் அது சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஃபியூஸுக்குள் இருக்கும் கம்பியை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் உருகி அறுந்துவிடும்படி மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் இந்தக் கம்பி அறுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் எரியாமல், வீடு தீப்பிடிக்காமல் தப்பிக்கிறது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியரில் கம்பி சுற்றிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபியூஸ் உருக வேண்டுமானால் அது சூடாக வேண்டும், சூடாக வேண்டுமானால் அதற்குக் கொஞ்சமாவது மின்தடை இருக்க வேண்டும். மின்தடையே இல்லாத ஃபியூஸ் என்று ஒன்று இருக்க முடியாது, இருந்தால் அது எந்த நிலையிலும் உருகாது. கம்பியின் உலோகத்தையும் வடிவத்தையும் மாற்றி மின்தடையைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ முடியும், அவ்வளவுதான். ‘எங்கள் ஃபியூஸில் மின்சாரம் தடையில்லாமல் பாய்கிறது’ என்று ஒரு விளம்பரம் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, அந்த வாசகம் மிகை. அல்லது அது போட்டிருக்கும் ஆம்பியர் அளவில் அறுந்துபோகாத ஃபியூஸ். இரண்டாவது உண்மையாக இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

ஒலி அந்த வழியாகப் போவதில்லை

‘இசை முழுவதும் அந்த முடியளவு கம்பி வழியாகத்தானே போகிறது, அங்கேயே நெரிசல் ஆகாதா’ என்று பலர் கேட்கிறார்கள். கேட்பவருக்கு இது மிக இயல்பாகத் தோன்றும் சந்தேகம். ஆனால் இசை அந்த வழியாகப் போவதில்லை.

வழக்கமான ஆம்பிளிஃபயர் ஒன்றின் உள்ளே நடப்பது இது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று) மின்சாரம் முதலில் ஃபியூஸைக் கடக்கிறது. அடுத்து டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்ட்டைக் குறைக்கிறது. பிறகு ரெக்டிஃபயர் டயோடுகள் முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்படி வருவது பெரிய கெபாசிட்டர்களில் சேமிக்கப்படுகிறது. ஸ்பீக்கரை அசைக்கும் மின்சாரம் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. மிருதங்கத்தில் ஒரு அடி விழும்போது தேவைப்படும் திடீர் மின்னோட்டத்தை அந்த நொடியில் தருவது கெபாசிட்டர்தான். அது ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும், அதாவது நொடிக்கு 100 முறை, டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து தன்னை நிரப்பிக்கொள்கிறது. பாட்டின் மெட்டோ தாளமோ ஃபியூஸில் ஓடுவதில்லை, இந்த நிரப்பும் துடிப்புகள் மட்டுமே ஓடுகின்றன. பாட்டு சத்தமானால் துடிப்புகள் பெரிதாகும், அமைதியானால் சிறிதாகும்.

சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்லத் தண்ணீர்த் தொட்டி போதும். லாரித் தண்ணீர் தரைமட்டத் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. குளியலறைக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது மாடித் தொட்டியின் உயரத்தையும் அங்கிருந்து இறங்கும் குழாயையும் பொறுத்தது. லாரியின் ஹோஸ் பைப்பில் பித்தளை இணைப்பு இருந்ததா, பிளாஸ்டிக் இணைப்பு இருந்ததா என்பது குழாய் வரைக்கும் வந்து சேராது. மெயின்ஸ் ஃபியூஸ் அந்த ஹோஸ் பைப்பின் இடத்தில் இருக்கிறது.

கெபாசிட்டருக்குப் பிறகும் பாதுகாப்பு உண்டு. டி.ஏ.சி. (டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி), ப்ரீ-ஆம்பிளிஃபயர் போன்றவற்றில் ரெகுலேட்டர் என்ற சில்லு இருக்கும். உள்ளே வரும் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே போகும் வோல்ட்டை அது நிலையாக வைத்திருக்கும். மலிவான மூன்று கால் ரெகுலேட்டரே ஏற்ற இறக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். பவர் ஆம்பிளிஃபயரில் அப்படி ரெகுலேட்டர் இல்லாவிட்டாலும், அதன் மின்சுற்றே தனக்கு வரும் வோல்ட்டில் உள்ள ஆட்டத்தைப் பெருமளவு புறக்கணிக்கும்படி அமைந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

நம் ஆம்பிளிஃபயர் 230 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 1 ஆம்பியர். 3.15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் மின்தடை சில பத்து மில்லி ஓம் இருக்கும், 30 என்று கொள்வோம். ஃபியூஸில் இழக்கும் வோல்ட் 0.03. அதாவது 230-இல் ஏறத்தாழ 7,700-இல் ஒரு பங்கு. நிரப்பும் துடிப்பின் உச்சியில் மின்னோட்டம் நான்கு மடங்காக இருந்தாலும் இழப்பு 0.12 வோல்ட்தான். கோடைகால இரவில் தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது நம் சுவரில் வரும் மின்சாரம் 215 வோல்ட்டுக்கு இறங்கலாம், விடியற்காலையில் 240-ஐத் தொடலாம். அந்த 25 வோல்ட் மாற்றத்தையே பாட்டில் கண்டுபிடிக்க முடியாத காது, 0.03 வோல்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கும்?

எனக்கு இதைவிடத் தெளிவாகத் தோன்றும் கணக்கு ஒன்று உண்டு. வீட்டுச் சுவருக்குள் போகும் 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்குச் சுமார் 7.4 மில்லி ஓம். எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) பெட்டியிலிருந்து ஹால் வரை 15 மீட்டர் என்றால், போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என மொத்தம் 30 மீட்டர். மின்தடை 220 மில்லி ஓமுக்கு மேல். அதாவது ஃபியூஸைப் போல ஏழு மடங்கு. நம் ஃபியூஸின் 30 மில்லி ஓமையும் அடியோடு ஒழித்துவிட்டால்கூட, ஆம்பிளிஃபயரை எம்.சி.பி. பெட்டிக்கு இரண்டு மீட்டர் அருகே நகர்த்தி வைத்ததற்குத்தான் அது சமம். சோபாவை இடம் மாற்றும்போது அப்படி நகர்த்தியவர் யாரும் வயலின் இனிமையாகிவிட்டது என்று சொன்னதில்லை.

ஹாலுக்கு முன்னால் இருக்கும் பாதையையும் நினைத்துப் பாருங்கள். எம்.சி.பி.க்குள் ஒரு சுருளும் இரட்டை உலோகத் தகடும் இருக்கின்றன, மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. அதற்கு முன் மீட்டர், ஃபியூஸ் கேரியர், தெருமுனையில் இருக்கும் பில்லர் பாக்ஸ், நிலத்தடி கேபிள், 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கும் அப்பால் துணைமின் நிலையங்கள், வட சென்னை அனல் மின் நிலையம், கல்பாக்கம். இத்தனை தொலைவு வந்த மின்சாரத்தின் கடைசி 20 மி.மீ.யை மட்டும் தூய்மைப்படுத்தினால் மொத்தமும் தூய்மையாகிவிடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

வெள்ளி, தங்கம், அம்புக்குறி

விலை உயர்ந்த ஃபியூஸ்களில் வெள்ளிக் கம்பியும் தங்க முலாம் பூசிய தொப்பியும் இருப்பதாகச் சொல்வார்கள். வெள்ளி தாமிரத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் ஆறு விழுக்காடு அளவுதான். நம் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டு மில்லி ஓம், சுவருக்குள் இருக்கும் கால் மீட்டர் கம்பிக்குத்தான் ஈடு. தங்கமோ தாமிரத்தைவிடக் குறைவாகவே கடத்தும், அதன் மின்தடை தாமிரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தொடுமுனைகளில் தங்கம் பூசுவது அது துருப்பிடிக்காது என்பதற்காகத்தான். அந்தக் காரணம் நியாயமானது, அதைப் பற்றிக் கீழே பேசுகிறேன்.

சில ஃபியூஸ்களின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்தத் திசையில் பொருத்தினால் ஒலி நன்றாக இருக்கும், திருப்பிப் பொருத்தினால் மங்கும் என்பார்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அம்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் மின்சாரம் பாதி நேரம் அதற்கு எதிராகத்தான் ஓடும். மேலும் ஒரு கம்பியின் மின்தடையை எந்த முனையிலிருந்து அளந்தாலும் ஒரே விடைதான் வரும். ஒரு திசையில் மட்டும் எளிதாகக் கடத்தும் பொருளின் பெயர் டயோடு. ஃபியூஸ் அப்படி நடந்துகொண்டால் ஆம்பிளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கிவிடும்.

இருநூறு மணி நேரம் ஓடிய பிறகே முழுப் பலன் தெரியும் என்பது மற்றொரு கூற்று. ஃபியூஸ் கம்பி சில நொடிகளிலேயே தன் வெப்பநிலையை எட்டிவிடும். அத்தனை நாட்களில் பழகுவது கேட்பவரின் காதும் மனமும்தான்.

ஃபியூஸ் ஒலியைத் தொடும் ஒரே இடம்

விதிவிலக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில பழைய ஆம்பிளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலேயே ஃபியூஸ் வைத்திருப்பார்கள். மேக்னபேன் நிறுவனத்தின் தட்டை ஸ்பீக்கர்கள் சிலவற்றில் மேல் சுருதிப் பகுதியைக் காக்க ஃபியூஸ் உண்டு. இங்கே இசையின் மின்னோட்டமே ஃபியூஸைக் கடக்கிறது. அதன் பாதிப்பை அளவுகருவியில் பார்க்க முடியும்.

காரணம் மீண்டும் வெப்பம்தான். உலோகம் சூடானால் அதன் மின்தடை கூடும். தாமிரத்துக்கு 100 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். 20 ஹெர்ட்ஸ் போன்ற ஆழமான ஒலி வலுவாக ஓடும்போது, மெல்லிய கம்பி அலையின் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் சற்றுச் சூடாகி, இடையில் சற்று ஆறுகிறது. ஆகவே அதன் மின்தடை அலையின் இரு மடங்கு வேகத்தில் ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டம் அசல் ஒலியோடு கலந்து, அதில் இல்லாத மூன்றாம் மடங்கு அதிர்வெண்ணைப் புதிதாகச் சேர்க்கிறது. இதுவே விலகல். சுருதி மேலே போகப் போக இது குறைந்துவிடும், ஏனென்றால் கம்பி அவ்வளவு வேகமாகச் சூடாகி ஆற முடியாது. ஃபியூஸின் அளவை நெருங்கும் மின்னோட்டத்தில்தான் இது பெரிதாகும், மெதுவாகக் கேட்கும்போது இருப்பதே தெரியாது.

இதற்கும் தீர்வு தங்கத் தொப்பியில் இல்லை. வெள்ளிக் கம்பியும் இதே விதியின்படிதான் சூடாகும். தீர்வு வடிவமைப்பில் இருக்கிறது. பொறியாளர்கள் ஃபியூஸை ஸ்பீக்கர் பாதையிலிருந்து எடுத்து மின்வழங்கல் பக்கம் வைத்தார்கள், ஸ்பீக்கரைக் காக்க ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வைத்தார்கள். இன்றைய பெரும்பாலான ஆம்பிளிஃபயர்களில் அப்படித்தான் இருக்கிறது. ஒலியியலில் ஃபியூஸ் பற்றி உண்மையான கேள்வி ஒன்று இருந்தது, அதற்கு நல்ல விடையும் கண்டார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கடல் காற்று

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், எந்த உலோகமும் அங்கே நெடுநாள் பளபளப்பாக இருக்காது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் ஃபியூஸைப் பிடித்திருக்கும் கவ்விகளையும் விடுவதில்லை. கூவத்தின் அருகே காற்றில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்கவைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு பழைய கருவியில் கவ்வி தளர்ந்து, தொடுமுனையில் படலம் படிந்திருந்தால் அந்த இடம் தேவையில்லாமல் சூடாகும். மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். சில நேரம் சடசடப்பும் கேட்கும்.

இந்த நிலையில் ஒருவர் பழைய ஃபியூஸை எடுத்துவிட்டுப் புது ஆடியோ ஃபியூஸைச் செருகுகிறார். செருகும்போதே கவ்வியில் இருந்த படலம் உரசி நீங்குகிறது. சடசடப்பு நிற்கிறது. அவர் கேட்ட மாற்றம் உண்மையானதுதான். ஆனால் சில ரூபாய் ஃபியூஸைச் செருகியிருந்தாலும் அதே மாற்றம் நடந்திருக்கும். ஆகவே கருவி பழையதாக இருந்தால் முதலில் தொடுமுனையைத் துடைக்கும் ஸ்ப்ரே கொண்டு கவ்வியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கவ்வி தளர்ந்திருந்தால் ஃபியூஸ் ஹோல்டரையே மாற்றிவிடலாம்.

அப்படியானால் கேட்டேன் என்பவர்கள்?

புதிய கருவியில் ஃபியூஸ் மாற்றிய பிறகும் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. கேட்டல் என்பது காதில் மட்டும் நடப்பதில்லை, கண்ணும் எதிர்பார்ப்பும் அதில் பங்கெடுக்கின்றன. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. உதடு ஒரு எழுத்தைச் சொல்வதுபோல் படம் காட்டி, வேறு எழுத்தின் ஒலியை அதோடு சேர்த்து ஓட்டினால், பார்ப்பவர் இரண்டும் இல்லாத மூன்றாவது எழுத்தைக் கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் சரியான எழுத்து கேட்கிறது. உண்மை தெரிந்த பிறகும் கண் திறந்தால் மறுபடியும் அதே மயக்கம்.

ஆடியோ துறையிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களை, பார்த்துக்கொண்டே கேட்கும்படியும் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கும்படியும் செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது போட்ட மதிப்பெண்கள் மறைத்தபோது மாறிவிட்டன. மதிப்பிட்டவர்களில் கேட்டுப் பழகிய காதுக்காரர்களும் இருந்தார்கள். ஸ்பீக்கர் என்பது உண்மையிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசமாக ஒலிக்கும் பொருள், அதிலேயே கண் இவ்வளவு வேலை செய்கிறது என்றால் ஃபியூஸில் சொல்ல வேண்டியதில்லை.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒலியின் நுட்பத்தை நம் நினைவு சில நொடிகளுக்கு மேல் துல்லியமாகப் பிடித்துவைத்திருக்காது. ஃபியூஸ் மாற்றக் கருவியை அணைத்து, கழற்றி, மாட்டி, மீண்டும் இயக்கப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் முந்தைய ஒலி நினைவில் கலைந்துவிடும். அடுத்தது ஒலியளவு. அரை டெசிபல் கூடினால் அது சத்தமாகத் தோன்றாமல் தெளிவாகத் தோன்றும். கருவியை மறுபடி இயக்கும்போது வால்யூம் குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலே போதும்.

வீட்டிலேயே சோதிக்க விரும்பினால்

சில ஆம்பிளிஃபயர்களில் பவர் கார்டு செருகும் இடத்திலேயே ஃபியூஸுக்கு ஒரு சிறு இழுப்பறை இருக்கும். அப்படி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஃபியூஸ் உள்ளே சர்க்யூட் போர்டில் இருந்தால் மூடியைத் திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வாரன்ட்டியும் போய்விடும்.

உங்களோடு ஒருவர் வேண்டும். நீங்கள் அறைக்கு வெளியே போய்விடுங்கள். அவர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் சாதாரண ஃபியூஸ், தலை விழுந்தால் விலை உயர்ந்தது என்று போட்டு, பவர் கார்டைச் செருகிவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். முந்தைய ஃபியூஸையே திரும்பப் போட நேர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் நேரமே விடையைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் உள்ளே வந்து, வால்யூமைத் தொடாமல், நன்றாகப் பழகிய ஒரே பதிவைக் கேட்டு விடை எழுதுங்கள். தம்புரா நன்றாகப் பதிவான கச்சேரியைத் தேர்ந்தெடுத்தால் சுருதியின் நுண்ணிய அலைகளைக் கவனிக்க எளிதாக இருக்கும். 16 முறை செய்தால் குறைந்தது 12 சரியாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவர் 12-ஐ எட்டும் வாய்ப்பு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. எட்டு, ஒன்பது சரியாக வந்தால் அது நாணயம் சுண்டியதற்குச் சமம்.

நினைவுக் குறைபாட்டைத் தவிர்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஆம்பிளிஃபயரின் வெளியீட்டை இரண்டு ஃபியூஸ்களோடும் தனித்தனியாகக் கணினியில் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது. ஸ்பீக்கர் முனையை நேரடியாகக் கணினியில் செருகினால் கணினி கெட்டுவிடும், ஒலியைக் குறைத்துத் தரும் மின்சுற்று இடையில் வேண்டும். ஆகவே விவரம் தெரிந்தவர் உதவியோடு செய்ய வேண்டிய சோதனை இது. கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வித்தியாசம். அதே ஃபியூஸை இரண்டு முறை பதிவு செய்து கழித்தாலும் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும், அதோடு இதை ஒப்பிட வேண்டும்.

அந்தப் பணத்தில்

ஃபியூஸுக்கு 20,000 ரூபாய் ஒதுக்கத் தயாராக இருப்பவரிடம், முதலில் அறையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அறை என்பது கான்கிரீட் பெட்டி, தரையில் வழுவழுப்பான டைல்ஸ். கை தட்டினால் எதிரொலிக்கும் அறையில் எந்தக் கருவியும் தன் முழுத் திறமையைக் காட்டாது. கனமான திரை, தரையில் தடித்த விரிப்பு, சுவரை மறைக்கும் புத்தக அலமாரி எல்லாமே உதவும். 12 அடி நீள அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவர்களுக்கிடையே தங்கி நிற்கும். உட்காரும் இடத்தைப் பொறுத்து அது பத்து டெசிபல் கூடவோ குறையவோ கேட்கலாம். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் ஒரு அடி நகர்த்தினால் வரும் மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குச் செலவும் இல்லை.

மின்சாரத்தால் ஒலி கெடும் இடங்களும் உண்டு. கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸை ஆம்பிளிஃபயரோடு இணைத்ததும் ‘ம்ம்’ என்ற ஓசை வந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும், சைன் அலை இன்வெர்ட்டரில் அது அடங்கிவிடும். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்ப்பது ஒலிக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

ஃபியூஸ் வாங்கும்போது

ஃபியூஸ் போனால் எதைப் போட வேண்டும் என்பது அதன் தொப்பியிலேயே எழுதியிருக்கிறது. ஆம்பியர், வோல்ட் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ‘டி’ என்றால் தாமதித்து உருகுவது, ‘எஃப்’ என்றால் சட்டென்று உருகுவது. பெரிய வளைய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பிளிஃபயர் ஸ்விட்ச் போட்ட கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்கத்தான் ‘டி’ வகை. அந்த இடத்தில் ‘எஃப்’ போட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அறுந்துகொண்டே இருக்கும். ‘எல்’, ‘எச்’ என்பவை ஷார்ட் ஆகும்போது எவ்வளவு மின்னோட்டத்தை வெடிக்காமல் துண்டிக்கும் என்பதைக் குறிக்கின்றன. ஐ.இ.சி. 60127 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி ‘எல்’ வகைக் கண்ணாடி ஃபியூஸ் 35 ஆம்பியர் அல்லது தன் அளவைப் போல பத்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை துண்டிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் ‘எச்’ வகை 1,500 ஆம்பியர் வரை தாங்கும். ‘எச்’ இருந்த இடத்தில் ‘எல்’ போடக் கூடாது.

தரமும் முக்கியம். அதே ஐ.இ.சி. தரத்தில் 5×20 ஃபியூஸ் தன் அளவைவிட ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 2.1 மடங்கில் அரை மணிக்குள் அறுந்தாக வேண்டும். அமெரிக்க யூ.எல். தரத்திலோ 1.35 மடங்கிலேயே ஒரு மணி நேரத்துக்குள் அறுந்தாக வேண்டும். ஆகவே இரண்டிலும் ஒரே எண் எழுதியிருந்தாலும் நடத்தை ஒன்றல்ல. விலை உயர்ந்த ஃபியூஸ் வாங்கியே தீருவது என்றால், அதன் மேல் இப்படி ஒரு தரச் சான்று இருக்கிறதா என்றாவது பாருங்கள். இல்லையென்றால் அது எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வீட்டு மின்சாரத்தில் பொருத்தத் தகுதியற்றது. ‘ஒலி திறக்க’ ஒரு படி அதிக ஆம்பியர் போடச் சொல்லும் ஆலோசனையையும், ஃபியூஸ் வடிவில் வரும் திடமான உலோகக் கட்டையையும் அடியோடு மறுத்துவிடுங்கள். ஃபியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

சரியான ஃபியூஸ் போட்டும் மறுபடி அறுந்தால், மூன்றாவதாக ஒன்றைப் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஆம்பிளிஃபயரோடு தொடரிணைப்பாக ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை இணைத்து இயக்குவார். பல்பு பளிச்சிட்டு உடனே மங்கினால் கெபாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் பெரும்பாலும் ரெக்டிஃபயர் டயோடோ அவுட்புட் டிரான்சிஸ்டரோ போயிருக்கும், அதை மாற்றிய பிறகுதான் புது ஃபியூஸ்.